பீடியில் வரும் ப

என் அக்காவின் கணவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். நாலைந்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அக்கா போன் செய்தாள். பள்ளி விடுமுறை. தமிழாசிரியனுக்கு விடுமுறையில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்து, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலங்களோடு என்னை நாகர்கோவிலிலிருந்து பெங்களூருக்கு அனுப்பிவைத்தார்கள். கடல் கடந்து எங்கும் போகாத எனக்கு இதுதான் வெளிநாடு.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு அத்தான் தன் நண்பரை ஆட்டோவோடு அனுப்பியிருந்தார். பெயர் சித்தார்த்தன். முன்கண்ணாடிக்கு மேல் புத்தர் படம் ஒட்டியிருந்தார். அதன் பக்கத்தில் நீல உடை போட்ட ஒரு கூடைப்பந்து அணியின் குரூப் போட்டோ. புத்தர் சாந்தமாக இருந்தார். சித்தார்த்தன் அப்படி இல்லை.

"நேத்து இன்னா ஆச்சு தெரியுமா சார்?" என்று கேட்டார்.

நான் வழிப்பயணம் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து, ரயிலில் நன்றாகத் தூங்கினேன் என்றேன்.

"அது இல்ல சார். நேத்து மேட்ச்சு. ஜெயிச்சோம், ஆனா அது ஜெயிப்பா? அவ்ளோ பெரிய லீடு. ஜோன் போட்டு எல்லாத்தையும் வுட்டு, கடைசியில ஒரு பாயிண்ட்டுல தப்பிச்சோம். அந்த கோச்ச மாத்துற வரைக்கும் நமக்கு விடிவு இல்ல."

ஜோன் என்றால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வண்டிகள் நகராமல் நின்ற இடத்தில் அவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பாடம் நடத்தினார். "இப்ப அந்த பஸ்ஸு அவங்க சென்டரு. ரெண்டு ஸ்கூட்டியும் கார்டு. நாம இங்கயே நின்னுக்கினு, நம்ம எடத்துக்கு யாரு வர்றான்னு பாத்தா அது ஜோன். வூட்டு வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குறா மாதிரி. அவன் எங்க போனாலும் கூடவே போனா, அது மேன் டு மேன்."

வழி கிடைத்ததும் இரண்டாவது முறையைச் செய்தே காட்டினார். முன்னால் போன ஒரு பைக்கைத் தேர்ந்தெடுத்து, அது போன இடமெல்லாம் கூடவே போனார். பைக் கடைசியில் தொம்மலூரில் ஒரு ஆபீஸ் வாசலில் போய் நின்றது. அதன் சொந்தக்காரர் இறங்கி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். நாங்கள் போக வேண்டிய மர்பி டவுன் எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது.

வந்து சேர்ந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவள் நர்ஸ். பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் இருப்பாள். அத்தானுக்குச் சமைத்துப் போடவோ சொட்டு மருந்து விடவோ நான் தேவையில்லை.

"கண்ணுல தூசி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் அந்தால போனா இவரு இந்தால கோர்ட்டுக்கு ஓடிருவாரு. நீ வாசல்ல சேரப் போட்டு இருந்துக்கோ தம்பி."

ஆக, காவல் வேலை. கைதி உள்ளே ஆஸ்பத்திரி கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தான் பெயர் குணசேகரன். மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்த எலக்ட்ரீஷியன். அக்கா தங்கியிருந்த நர்ஸ் ஹாஸ்டலில் ஃபேன் மாட்ட வந்து, அவளையும் கூட்டிக்கொண்டு போனவர். தெரு முடிகிற இடத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் கூடைப்பந்து கோர்ட்டுக்கு விளக்கு போட்டதும் அவர்தான். அன்றிலிருந்து அந்தப் பெண்கள் அணி அவருடையது.

"நாங்க போன வருஷம் செமியில தோத்தோம் மச்சான்," என்றார் என்னைப் பார்த்ததும். அந்த 'நாங்க'வுக்குள் அவர், சித்தார்த்தன், தெருவில் பாதிப் பேர் எல்லோரும் அடக்கம். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. படிக்கிறவர்களோ, ஆட்டம் நடக்கும்போது எதிரே காபிக் கடையில் உட்கார்ந்து செல்போனில் வேறு ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பேக்கரி வரை போய்வர அத்தானுக்கு அனுமதி உண்டு. அன்று மாலை அங்கே போனோம். ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக வாங்குவதற்கு இந்த ஊரில் 'பை டூ' என்று பெயர். எங்கள் ஊரில் ஒரு டீயைப் பங்கு போட்டால் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைப்பார்கள். இங்கே அது பண்பாடு. ஆனால் விவாதம் நீளும் அளவுக்குப் பாதி டீ நீளாது. அதனால் மறுபடி ஒரு பை டூ, கூட உருளைக்கிழங்கு வைத்த ஒரு ஆலு பன், மறுபடி விவாதம்.

எங்கள் ஊர் வாலிபால் போட்டிகளில் தோற்றவர்களை அங்கேயே திட்டி முடித்துவிட்டுச் சாப்பிடப் போவோம். மர்பி டவுனில் ஜெயித்தாலும் திட்டு உண்டு. போன வருடத்துத் திட்டே இன்னும் மிச்சம் இருந்தது. உயரமான ஒரு பெண் வேறு கல்லூரிக்குப் போய்விட்டதில் ஆரம்பித்தார்கள். கோச் டைம் அவுட் கேட்காமல் விட்டது அடுத்தது. அதற்குப் பிறகு சஹனா.

"அந்த சஹனாவ உக்கார வைக்கணும் குரு," என்றார் சித்தார்த்தன் அத்தானிடம். "ஒரு ஃப்ரீ த்ரோ உள்ள போவல."

"அவ ஒருத்திதான் ஓடுறா. மத்ததெல்லாம் வாக்கிங் வந்தா மாதிரி கீது," என்றார் அத்தான்.

"அப்பறம் ஏன் நீ அவளையே தெனம் திட்டுற?"

"நம்ம பொண்ணு, நான் திட்டுறேன். நீ ஏன் திட்டுற?"

சண்டையை பாக்கியம் அக்கா நிறுத்தினார். அவருக்குக் கல்லூரியில் துப்புரவு வேலை. ஆட்டத்தின் நடுவே கோர்ட்டில் சிந்தும் வேர்வையைத் துடைப்பதும் அவர்தான். கோச்சுக்குப் பக்கத்திலேயே நிற்பவர் என்பதால் அவர் வாயைத் திறந்தால் பேக்கரி அடங்கும்.

"நீங்க ரெண்டு பேரும் சும்னே கத்தாதீங்க. இந்த டோர்னமென்ட் முடிஞ்சதும் சொல்றேன்னுட்டாரு கோச்சு. அவ வேணாம்னா ஹாஸ்டல் சாவிய குடுத்துட்டு ஊருக்குப் போவணும் அந்தப் பொண்ணு."

சஹனா ஹாசன் பக்கத்துப் பெண். முதல் வருடம். அணியில் இருப்பதால்தான் ஹாஸ்டல் அறை கிடைத்திருக்கிறது. அணியை விட்டால் அறை போகும். வெளியே அறை எடுத்துத் தங்கிப் படிக்க வீட்டில் வழியில்லை. பேக்கரிக்காரர் கேட்காமலே இன்னொரு பை டூ கொண்டுவந்து வைத்தார். பிறகு அத்தான், "எல்லாம் சரி, பந்தப் புடிக்கத் தெரியணுமே," என்றார்.

தொழில் பழக்கம். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "புடி இல்லை அத்தான். பிடி," என்றேன்.

"புடிச்சா போதும் சார். எப்டிப் புடிச்சா இன்னா," என்றார் சித்தார்த்தன்.

நான் விடவில்லை. கன்னடத்தில் இந்த ஓர் ஓசைக்குப் பல எழுத்து வைத்திருக்கிறார்கள், தமிழுக்கு ஒன்று போதும், பிள்ளையாருக்கும் அதே ப, பீடிக்கும் அதே ப, இடம் பார்த்து நாமே மாற்றிச் சொல்லிக்கொள்வோம் என்று வகுப்பில் சொல்வதை அங்கேயும் சொன்னேன். பேக்கரிக்காரர் மரியாதைக்காகக் கேட்டார். மற்றவர்கள் ஜோனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் அரை இறுதி. போட்டி இந்தக் கல்லூரிக் கோர்ட்டிலேயே நடந்தது. அத்தான் காலையிலிருந்தே கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்தார். கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். நான் போய்ப் பார்க்க வேண்டும், போனில் அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குக் கூடைப்பந்தில் தெரிந்ததெல்லாம் கூடையும் பந்தும்தான். அதைச் சொல்லிப் பார்த்தேன். "நீ பாக்குறத சொல்லு, புரிஞ்சிக்கிறது என் வேலை," என்றார் அத்தான்.

கோர்ட்டைச் சுற்றி சிமென்ட் படிகள். அதைத்தான் கேலரி என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் மேல்படிகளில் உட்கார்ந்தார்கள். கீழே, கோட்டுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. பந்து வந்து மூஞ்சியில் அடிக்கும் என்பதால் அது காலியாக இருந்தது. அது தெரியாமல் நான் அங்கே உட்கார்ந்தேன்.

நம் பெண்கள் நீலம், எதிரணி மஞ்சள். சஹனாவை உடனே கண்டுபிடித்துவிட்டேன். கேலரி அவள் பெயரைத்தான் அதிகம் சொல்லித் திட்டியது. "ஏய் ஓடு", "ஏய் புடி", "ஏய் எங்க பாக்குற", எல்லாம் ஏய். சின்ன உருவம், இறுக்கக் கட்டிய கூந்தல். மற்றவர்கள் நிற்கும்போதும் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நான் போனில் இரண்டு நீலம் இடது பக்கம் போகிறது, மஞ்சள் குதிக்கிறது என்கிற தரத்தில் வர்ணனை செய்தேன். அத்தான் அதை வைத்துக்கொண்டு அங்கிருந்தே கோச்சைத் திட்டினார்.

கடைசி நிமிடங்களில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். கவனித்தீர்களா, நானும் நாங்கள் என்கிறேன். அப்போது ஒரு பந்து கைமாறி, தடுமாறி, கோட்டை நோக்கி உருண்டு வந்தது. நேராக என்னை நோக்கி. சஹனா அதன் பின்னால் ஓடி வந்தாள்.

"பந்து வெளிய போகுது அத்தான்."

"யாரு கையில பட்டுச்சு கடைசியா? நம்ம கையா, அவங்க கையா?"

"நம்ம பிள்ளை கையில."

"அப்ப வெளிய போனா அவங்களுக்குப் போயிடும் மச்சான். புடிக்கச் சொல்லு, புடிக்கச் சொல்லு."

சொன்னேன். என் பள்ளி இருக்கிற ஆரல்வாய்மொழியின் காற்றை எதிர்த்துக் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. எழுந்து நின்று, சுத்தமான உச்சரிப்பில், "பிடி, பிடி" என்று கத்தினேன்.

சஹனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பந்து நிதானமாகக் கோட்டைத் தாண்டி என் காலடியில் வந்து நின்றது. மஞ்சள் அணி அதை எடுத்து உள்ளே எறிந்தது, கூடையில் போட்டது, விசில் ஊதிவிட்டார்கள். அவ்வளவுதான்.

அன்று மாலை பேக்கரியில் பை டூ கணக்கில்லாமல் போனது. கோச்தான் விடச் சொல்லி சைகை காட்டினார் என்றார் ஒருவர். எதிரணிப் பெண்ணும் சஹனாவும் ஒரே ஊர், பேசி வைத்துக்கொண்டார்கள் என்றார் இன்னொருவர். ஷூவில் பிடிப்பு இல்லை என்று சித்தார்த்தன் ஒரு கருத்து வைத்திருந்தார். வெட்கமில்லாமல் நானும் ஒன்று சொன்னேன், வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்று. அத்தான் மட்டும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தார். "ஓடுற பொண்ணு. ஏன் நின்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

விடை மறுநாள் காலை ஒரு ஹோட்டலில் கிடைத்தது. நின்றுகொண்டே சாப்பிடுகிற ஹோட்டல். நானும் சித்தார்த்தனும் தட்டு அகலத்துக்கு இருந்த தட்டே இட்லியைத் தட்டில் வாங்கிக்கொண்டு மேஜை தேடினோம். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். என் வருத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். அந்த வருத்தத்தில் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "பிடி சார், பிடி," என்றார்.

சரி, கால் வலிக்கிறது போலிருக்கிறது, தட்டை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் என்று அவருடைய தட்டைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. அவர் இழுத்தார். உளுந்து வடை கீழே போனது.

சித்தார்த்தன் வந்து எங்களைப் பிரித்தார். வேறு வடை வாங்கிக் கொடுத்து அவரை அனுப்பிய பிறகு என்னைக் கேட்டார், "இன்னா சார், அந்தாளு தட்ட எதுக்குப் புடுங்கினீங்க?"

"அவர்தானே பிடி பிடி என்றார்?"

"அது கன்னடம் சார். பிடின்னா விடுங்கன்னு அர்த்தம். பரவால்ல, விடுங்கன்னு சொல்றாரு. நீங்க சொன்னீங்களே, பீடியில வர்ற ப, அதுதான். பிடிக்கிறதுக்கு அவங்க ஹிடின்னுவாங்க."

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே சொல், கேலரிச் சத்தத்தில் காதுக்கும் ஒரே சொல். நாங்கள் விடு என்பதை அவர்கள் பீடியின் ப போட்டு பிடு என்கிறார்கள். மரியாதையாகச் சொன்னால் பிடி. மர்பி டவுன்காரர்கள் காலங்காலமாக அந்தக் கேலரியில் 'புடி' என்று கத்தியிருக்கிறார்கள், ஒரு குழப்பமும் வந்ததில்லை. திருத்தமாகச் சொல்ல நாகர்கோவிலிலிருந்து ஒரு தமிழாசிரியன் வர வேண்டியிருந்திருக்கிறது.

சித்தார்த்தனிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "இத பேக்கரியில சொல்லாதீங்க சார். கோச்ச மாத்தணும்னு இப்பத்தான் எல்லாரும் ஒண்ணா சேர்ந்துகீறாங்க. இது பத்து வருஷத்துல நடக்காத விஷயம்," என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம்.

நான் பாக்கியம் அக்காவைக் கூட்டிக்கொண்டு கோச்சிடம் போனேன். எனக்குக் கோபம், பயம் இரண்டும் இருந்தன. ஒரு சின்னப் பெண்ணின் படிப்பு என் உச்சரிப்பால் போகப் பார்க்கிறதே. கோச் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டீல் டம்ளருமாக அலுவலக வாசலில் நின்றார். நடந்ததை நான் தமிழில் சொல்ல, பாக்கியம் அக்கா கன்னடத்தில் சொன்னார். கோச் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்ன பதிலைத் தமிழில் போட்டால் இப்படி வரும்:

"பந்தைக் கணிக்கத் தெரியாமல் விட்டாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லிக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். கேலரி சொன்னதைக் கேட்டு விட்டாள் என்கிறீர்கள். அது அதைவிட மோசம். ஒரு வருடமாக நான் சொல்வது ஒன்றுதான், கேலரிக்குக் காது கொடுக்காதே என்று. நாளைக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருக்கிறது. அவள் காது எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறேன்."

உதவி செய்யப் போனவன் உள்ளதையும் கெடுத்துவிட்டுத் திரும்பினேன். கோர்ட்டின் ஓரத்தில் சஹனா தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பாக்கியம் அக்கா கூப்பிட்டு, அந்தக் குரல் இவர்தான் என்று என்னைக் காட்டினார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்லுது தெரியுமா?" என்றார் பாக்கியம் அக்கா. "எல்லாரும் அவள ஏய் ஏய்ன்னுதான் கத்துறாங்களாம். வந்த புதுசுல புடி புடின்னா இவளுக்குப் பொடின்னு கேட்டுதாம், கேலரியில யாரோ சட்னிப்பொடி விக்கிறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்துகீறா. நேத்து ஒரே ஒரு குரல் மட்டும் மரியாதையா, விடுங்கன்னு சொல்லிச்சாம். யாரோ பெரியவரு, பந்து யாரு கையில பட்டுதுன்னு பாத்துட்டுத்தான் சொல்றாருன்னு நம்பி நின்னுட்டாளாம்."

என் பிடியில் மரியாதை துளிகூட இல்லை, அது நாய்க்குட்டியிடமும் சொல்கிற பிடி என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தமிழில் பிடி என்றால் என்ன என்று அவளே கேட்டாள். இரண்டு கையையும் நீட்டி, பந்தை வாங்கி நெஞ்சோடு அணைக்கிற மாதிரி செய்து காட்டினேன். "பிடி," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிள்ளையாரின் ப சுத்தமாக வந்தது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வராது.

அன்று மாலை பேக்கரியில் நானே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். சித்தார்த்தன் என்னை முறைத்தார். சஹனா பெயர் வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. கோச் அவள் காதைச் சோதிக்கப் போகிறார் என்றால், காதில் எதுவும் விழாமல் செய்துவிட்டால் போயிற்று என்றார் அத்தான். நாளைக்குக் கேலரியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளவைக்க அவர் அரை மணி நேரம் கத்த வேண்டியிருந்தது.

அடுத்த நாள் அக்காவுக்கு விடுப்பு. அத்தானின் தொல்லை தாங்காமல் அவளே அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டி வந்தாள். கண்ணாடியைக் கழற்றினால் அடுத்த கண்ணுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்காது, நானே எடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். எல்லோரும் படிகளில் வரிசையாக, சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்தோம். ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு சத்தம் இல்லை. ஷூ தேய்கிற சத்தம் கேட்டது. எதிரணிக் கோச் இரண்டு முறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். கல்லூரிப் பிரின்ஸிபால் இறந்துவிட்டாரா என்று யாரோ பக்கத்தில் விசாரித்தார்கள்.

அத்தான் தோள் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நம் அணி ஜோன் போட்டபோது சித்தார்த்தன் எழுந்து, வெளியே போய், ஆட்டோவுக்குள் உட்கார்ந்து தனியாகக் கத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆனால் சஹனா ஆடவில்லை. ஓடினாள், ஆனால் அது அவள் ஓட்டமாக இல்லை. பந்து கையில் வந்தால் உடனே யாருக்காவது கொடுத்தாள். அடிக்கடி கேலரியைப் பார்த்தாள். பாதி ஆட்டத்தில் நாங்கள் நன்றாகப் பின்தங்கிவிட்டோம். இடைவேளையில் தரையைத் துடைத்து முடித்த பாக்கியம் அக்கா, துடைப்பத்தோடு எங்களிடம் வந்தார். அவர் முகம் சரியில்லை.

"அந்தப் பொண்ணு கேக்குது, ஏன் யாரும் திட்டலன்னு. நான் எப்படியும் போயிடுவேன்னு முடிவு பண்ணிட்டாங்களா, அதான் திட்டக்கூட இல்லையான்னு கேக்குது."

என் அக்காதான் முதலில் பேசினாள். "பாவம், பச்சப்பிள்ளை. நீங்க எல்லாரும் சேந்து அவள அனாதையாக்கிட்டீங்க," என்றாள். எனக்குக் கண் கலங்கியது. அத்தானுக்கும் கலங்கியிருக்கும். கறுப்புக் கண்ணாடியில் தெரியவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கி, சஹனாவிடம் பந்து வந்தது. அத்தான் வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

"ஏய் சஹனா. பந்தப் பாரு. எங்க மூஞ்சிய இன்னா பாக்குற? உன் ஹாஸ்டல்ல சோறு போடல? ஓடு."

அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. சித்தார்த்தன் பாதி ஆட்டத்துத் திட்டையும் சேர்த்துத் திட்டினார். சஹனாவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நிமிடமே மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய்ப் பந்தைக் கூடையில் போட்டாள். அதற்கும் திட்டினார்கள், பாஸ் பண்ணியிருக்க வேண்டுமாம்.

கடைசியில் அதே மாதிரி ஒரு பந்து வந்தது. சமநிலையில் இருந்தோம். நம் பெண் ஒருத்தியின் விரலில் பட்டுக் கோட்டை நோக்கிப் போனது. கேலரி முழுவதும் எழுந்துவிட்டது. "புடி" என்றார்கள். "வுடு வுடு" என்றார் அதைச் சரியாகப் பார்க்காத ஒருவர். "ஹிடி" என்றார் பேக்கரிக்காரர். நான் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கோச் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. சஹனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்து ஓடி, கோட்டுக்கு மேலே பாய்ந்து, காற்றில் இருக்கும்போதே அதைப் பின்பக்கமாகத் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு, முட்டி சிராய்க்கப் படிகளின் அடியில் வந்து விழுந்தாள். உள்ளே இருந்தவள் அதை வாங்கிக் கூடையில் போட்டாள். விசில் ஊதிவிட்டார்கள். மூன்றாம் இடம்.

கோச் டம்ளரில் மிச்சமிருந்த காபியைக் குடித்தார். பாக்கியம் அக்காவிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். பாக்கியம் அக்கா எங்கள் பக்கம் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாவி அவகிட்டயே இருக்கட்டுமாம்," என்றார். நாங்கள் சத்தம் போடாமல் இருந்திருந்தால் கோச்சுக்கு அவள் காதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சந்தோஷம் ஒரு பை டூ குடிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் இடம் ஒரு இடமா என்று சித்தார்த்தன் ஆரம்பித்தார். கோச்சை மாற்றுவதா வேண்டாமா என்று படிகளிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. எனக்கு மறுநாள் ஊர். கோட்டுக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் நின்று அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அனுமதி கொடுத்து, அத்தான் அப்போதுதான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் புதுக் கண்ணால் கோர்ட்டைப் பார்த்தார்.

கோர்ட்டின் நடுவில் சஹனா பந்தோடு நின்றாள். முட்டியில் பிளாஸ்திரி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளிடம் கடைசியாக ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையைக் குவித்துக் கும்பிட்டேன்.

"பிடி சார்," என்றாள்.

இப்போது எனக்குத்தான் கன்னடம் தெரியுமே. பரவாயில்லை, விடுங்கள் என்கிறாள் நல்ல பெண். எவ்வளவு பெரிய மனசு என்று உருகிப்போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

பந்து வந்து நெஞ்சில் அடித்தது. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பந்து உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. படிகளில் இரண்டு கட்சியும் சண்டையை நிறுத்திவிட்டு, நான் வந்ததிலிருந்து முதன்முறையாக என்னை ஒற்றுமையாகத் திட்டத் தொடங்கின. அத்தான் இறங்கி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடியை எடுத்து என் சட்டையிலேயே துடைத்து மாட்டிவிட்டார்.

"அவ தமிழ்ல சொன்னா மச்சான்," என்றார்.